கூட ஆட ஆளில்லாத நாட்களில் டேபிள் டென்னிஸில் எதைப் பழகலாம்?

நீங்கள் கேட்டது இது: வீட்டில் மேசை இருக்கிறது, கூட ஆட வாரத்தில் ஒரு நாள்தான் ஆள் கிடைக்கிறது. மற்ற நாட்களில் தனியாகப் பழகி ஆட்டத்தைத் தேற்ற முடியுமா? சுவரில் அடிக்கலாமா, மேசையின் ஒரு பாதியை மடித்து நிறுத்தி ஆடலாமா, பந்து எறியும் ரோபோ வாங்கலாமா?

தேற்ற முடியும். ஆனால் எதைப் பழகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பலன் இருக்கும். தனியாகப் பழகும் பலர் ஃபோர்ஹேண்ட் டிரைவையும் (பேட் பிடித்த கைப் பக்கம் வரும் பந்தை வேகமாக அடிப்பது), லூப்பையும் (பந்தைக் கீழிருந்து மேலாக வருடிச் சுழற்றி அடிப்பது) தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தில் கண்ணைக் கவர்வது அவைதான். தனிமையில் மிகக் குறைவாகத் தேறுவதும் அவைதான். காரணம், டிரைவும் லூப்பும் வருகிற பந்துக்கு நாம் தரும் பதில்கள். எதிராளியின் பேட் எந்தக் கோணத்தில் பந்தைத் தொட்டது, எவ்வளவு சுழற்சி ஏற்றியது, பந்து எங்கே விழும் என்று படித்து, அதற்கேற்பக் காலையும் கையையும் எடுத்து வைப்பதில்தான் அந்த அடிகளின் பாதி வேலை இருக்கிறது. அந்தப் பாதியை ஆளில்லாமல் கற்க வழியில்லை.

சர்வீஸ் மட்டும் இதிலிருந்து விலகி நிற்கிறது. பந்து உங்கள் உள்ளங்கையில் அசையாமல் கிடக்கிறது. எப்போது தூக்குவது, எங்கே தொடுவது, எவ்வளவு சுழற்றுவது எல்லாமே உங்கள் முடிவு. 11 புள்ளி ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சர்வீஸ் என்று மாறி மாறி வருவதால், ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் உங்கள் கையிலிருந்துதான் தொடங்குகின்றன. அப்படியிருந்தும், ஆள் கிடைத்த அன்று யாரும் சர்வீஸ் பழக மாட்டார்கள். ராலி ஆடத்தான் மனம் போகும். ஆகவே ஆளில்லாத நாட்கள் சர்வீஸுக்கென்றே அமைந்தவை. தனிப் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கே கொடுங்கள் என்பேன். இந்தப் பதிலிலும் அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

முதல் தேவை பந்துகள். ஒரே பந்தை வைத்துக்கொண்டு சர்வீஸ் போட்டு, ஓடிப் போய் எடுத்து வந்து மறுபடி போட்டால், பயிற்சி நேரம் பந்து பொறுக்குவதிலேயே கழியும். முப்பது பந்தாவது ஒரு பெட்டியில் இருக்கட்டும். போட்டித் தரப் பந்துகள் தேவையில்லை. பயிற்சிப் பந்துகள் போதும். ஆனால் 40 மி.மீ. பிளாஸ்டிக் பந்தாக இருக்க வேண்டும். 2014-க்கு முந்தைய செல்லுலாய்டு பந்துகள் எங்காவது மிச்சமிருந்தால் அவற்றைக் கலக்க வேண்டாம். சுழற்சியும் எழும்பும் விதமும் மாறுபடும்.

அடுத்தது, சட்டப்படி சர்வீஸ் போடப் பழகுவது. தனியாகப் பழகும்போது தடுத்துச் சொல்ல ஆளில்லாததால் கெட்ட பழக்கம் சத்தமில்லாமல் ஊறிவிடும். பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். கையால் சுழற்றாமல், ஏறக்குறைய நேர்க்குத்தாக, கையை விட்டுக் குறைந்தது 16 செ.மீ. மேலே போக வேண்டும். வலையின் உயரம் 15.25 செ.மீ.; அதைவிடச் சற்று அதிகம் என்று கண்ணளவில் வைத்துக்கொள்ளலாம். பந்து இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து பேட்டில் படும்வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலேயும், உங்கள் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். எதிராளியின் கண்ணுக்கு அது மறையவே கூடாது. டாஸ் போட்ட, அதாவது பந்தைத் தூக்கிப் போட்ட கையை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில், அப்போதைய உலக சாம்பியன் டிங் நிங்குக்கே சர்வீஸ் தவறு என்று நடுவர் புள்ளிகளை எதிராளிக்குக் கொடுத்தார். ஆட்டமும் கைவிட்டுப் போனது. அந்த மட்டத்திலேயே இப்படி நடக்கும் என்றால், நாம் தொடக்கத்திலேயே டாஸை ஒழுங்காகப் பழகிக்கொள்வது நல்லது. பேட்டைத் தொடாமல் வெறும் டாஸை மட்டும் பத்து முறை போட்டுப் பாருங்கள். பந்து ஒவ்வொரு முறையும் அதே உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். அங்குமிங்கும் அலைகிற டாஸ் மேல் எந்த சர்வீஸும் நிற்காது.

இனி சுழற்சி. பேக் ஸ்பின் சர்வீஸில், அதாவது பந்து பின்னோக்கிச் சுழலும்படி போடும் சர்வீஸில் தொடங்குங்கள். பேட்டின் முகத்தை வானத்தைப் பார்த்த மாதிரி நன்றாகத் திறந்து, பந்தின் அடிவயிற்றை மெல்லிதாக வருடிக்கொண்டு முன்னே போக வேண்டும். பந்தைத் தள்ளக் கூடாது, உரச வேண்டும். சுழற்சியைத் தீர்மானிப்பவை இரண்டு: படும் அந்தக் கணத்தில் பேட்டின் வேகம், பந்தை எவ்வளவு மெல்லிதாக உரசுகிறது என்பது. கை முழுவதையும் வீசினால் வேகம் வருவதில்லை. முன்கை மெதுவாகத் தொடங்கி, பந்தைத் தொடும் நேரத்தில் மணிக்கட்டு சொடுக்கும்போதுதான் வருகிறது. பிடியைத் தளர்த்தினால்தான் மணிக்கட்டு அசையும். ஃபோர்ஹேண்ட் பெண்டுலம் சர்வீஸ் (பேட்டை ஊசல்போல வீசிப் போடுவது) போடுபவர்கள் கடைசி மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டும் பேட்டைப் பிடிப்பது இதற்காகத்தான். பந்து பேட்டின் நுனிப் பக்கத்தில் பட்டால் சுழற்சி கூடும், கைப்பிடிப் பக்கத்தில் பட்டால் குறையும். இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாக உதவப் போகிறது.

சுழற்சி ஏறியதா என்று எப்படித் தெரியும்? மேசையை விட்டு வெறும் தரையில் பழகுவது சிறந்த வழி. உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று அடி தள்ளி விழும்படி, பந்தை அடியில் வருடி விடுங்கள். சுழற்சி இருந்தால் தரையில் பட்டதும் பந்து தயங்கி நிற்கும், பிறகு உங்களை நோக்கித் திரும்பி உருண்டு வரும். இல்லையென்றால் தன் போக்கில் முன்னே போய்விடும். இதில் ஏமாற்றிக்கொள்ள இடமே இல்லை. தரையில் கைவந்த பிறகு மேசைக்கு வாருங்கள். எதிர்ப் பாதியில் விழுந்து வலையை நோக்கித் திரும்பி வரும் சர்வீஸைப் பார்த்திருப்பீர்கள். அது சுழற்சிக்கு நல்ல சோதனை. ஆனால் அதையே இலக்காக்கிக்கொள்ளாதீர்கள். பந்து திரும்பி வர வேண்டுமென்றால் அது மெதுவாகவும் சற்று உயரமாகவும் போக வேண்டியிருக்கும். அந்த உயரத்தை நல்ல எதிராளி அடித்து நொறுக்கிவிடுவார். ஆட்டத்துக்குத் தேவையானது தாழ்வாகப் போய் எதிர்ப் பாதியில் இரண்டு முறை விழும் சர்வீஸ்.

பந்தின் மேல் பேனாவால் நடுவாக்கில் ஒரு கோடு போட்டுவிட்டால், அல்லது பாதிப் பந்தை நிறமாக்கிவிட்டால், சுழற்சியின் திசையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அச்சடித்த எழுத்து மங்கலாகத் தெரிந்தால் நன்றாகச் சுழல்கிறது. வாசிக்க முடிந்தால் சுழலவில்லை.

தாழ்வாகப் போட இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பந்தைத் தொடும் உயரம். டாஸ் இறங்கட்டும், மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்வரை பொறுமையாக இருங்கள். தலை உயரத்தில் அவசரப்பட்டுத் தொட்ட பந்து மேசையில் பட்டு எகிறத்தான் செய்யும். இன்னொன்று, உங்கள் பாதியில் முதலில் எங்கே விழுகிறது என்பது. நீண்ட வேகமான சர்வீஸ் உங்கள் எல்லைக்கோட்டை ஒட்டி விழுந்தால்தான் மேசையின் முழு 2.74 மீட்டர் நீளமும் அதற்குக் கிடைக்கும். குறுகிய சர்வீஸ் அதைவிட வலைக்கு நெருக்கமாக விழ வேண்டும். சர்வீஸ் நீளம் சரியாக வராதவர்கள் பெரும்பாலும் எதிர்ப் பாதியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் பாதியில் விழும் இடத்தைச் சரிசெய்தால் மற்றது தானாக வழிக்கு வரும். வலைக்கு மேலே ஒரு பத்து சென்டிமீட்டர் உயரத்தில் குறுக்காக ஒரு நூலைக் கட்டி, வலைக்கும் நூலுக்கும் நடுவில் பந்தைச் செலுத்திப் பழகுங்கள். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும்.

இலக்குக்கு மூன்று ஏ4 தாள்கள் போதும். எதிராளி வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு, ஒன்றை அவரது ஃபோர்ஹேண்ட் பக்கம் வலையருகே, ஒன்றை பேக்ஹேண்ட் (அவரது இடக்கைப் பக்க) மூலையில் எல்லைக்கோட்டை ஒட்டி, மூன்றாவதை அவரது முழங்கை இருக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். முழங்கைக்கு வரும் பந்தை ஃபோர்ஹேண்டால் எடுப்பதா பேக்ஹேண்டால் எடுப்பதா என்று ஒரு கணம் தடுமாற வேண்டியிருக்கும். அந்தத் தடுமாற்றமே உங்களுக்கு லாபம்.

ஒரு சர்வீஸ் கைவந்ததும் அதே அசைவில் சுழற்சியே இல்லாத இன்னொன்றைப் பழகுங்கள். பேக் ஸ்பின் போடுகிற அதே கை வீச்சு, அதே கீழ்நோக்கிய வேகம், அதே முடிவு; ஆனால் பந்து பேட்டின் கைப்பிடிப் பக்கத்தில், வருடாமல், கொஞ்சம் கெட்டியாகப் படும். பேக் ஸ்பின் என்று நினைத்து பேட்டைத் திறந்து புஷ் பண்ணுபவருக்கு (பந்தை அடியில் தொட்டு மெல்லத் தள்ளுபவருக்கு) பந்து தூக்கலாக எழும்பும். பல வகை சர்வீஸ்களை அரைகுறையாக வைத்திருப்பதைவிட, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்த ஒரு ஜோடியை நன்றாக வைத்திருப்பவருடன் ஆடுவதுதான் கடினம்.

பழகும் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சர்வீஸை ஐம்பது முறை தொடர்ந்து போட்டால் கடைசிப் பத்து மிக அழகாக வரும். மறுநாள் அது காணாமல் போயிருக்கும். உடல் அசைவுகளைக் கற்பது பற்றி ஷீ, மோர்கன் என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. ஒரே அசைவை அடுக்கடுக்காகப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். மூன்று விதமான அசைவுகளைக் கலந்து கலந்து பழகியவர்கள் அப்போது பின்தங்கினாலும், பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கே அது நன்றாக நினைவில் நின்றது. ஆகவே புதிதாகக் கற்கும் சர்வீஸ் என்றால் முதல் சில நாட்கள் தொடர்ச்சியாகப் போடுங்கள். அசைவு பிடிபட்டதும் கலந்துவிடுங்கள்: குட்டை, நீளம், சுழற்சி இல்லாதது, மறுபடி குட்டை.

இதையே ஒரு ஆட்டமாக மாற்றலாம். இரண்டு சர்வீஸ் போட்டுவிட்டுக் கொஞ்சம் விலகி நின்று மூச்சு விடுங்கள், பிறகு அடுத்த இரண்டு. எங்கே, என்ன சர்வீஸ் என்று போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சொன்ன இடத்தில் தாழ்வாக விழுந்தால் உங்களுக்கு ஒரு புள்ளி. உயரமாகவோ தள்ளியோ விழுந்தால் எதிராளிக்கு ஒன்று. வலையில் போனாலோ மேசையைத் தவறவிட்டாலோ எதிராளிக்கு இரண்டு. 11 வரை. 9-9 என்று வரும்போது கை கொஞ்சம் இறுகுவதை நீங்களே உணர்வீர்கள். ஆட்டத்தில் வரும் இறுக்கமும் அதுதான். அதைத் தனியறையில் சந்தித்துப் பழகுவது பெரிய உதவி.

சர்வீஸ் போட்டுவிட்டு அப்படியே நின்று பந்தை வேடிக்கை பார்ப்பதுதான் தனிப் பயிற்சியின் பெரிய கேடு. ஆட்டத்தில் சர்வீஸ் என்பது முதல் பந்து மட்டுமே; அதன் பதிலுக்கு நீங்கள் அடிக்கும் மூன்றாவது பந்துக்காகத்தான் அதைப் போடுகிறீர்கள். ஆகவே ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிறகு உடனே தயார் நிலைக்கு வந்து, மூன்றாவது பந்தை வெறும் காற்றில் அடித்துவிட்டுத்தான் அடுத்த பந்தை எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் நகர்வது என்பதைச் சுழற்சி சொல்லும். வலது கைக்காரர் போடும் பெண்டுலம் சர்வீஸின் சைட் ஸ்பினை (பக்கவாட்டுச் சுழற்சியை) எதிராளி சாதாரணமாகத் தொட்டால், பந்து சர்வீஸ் போட்டவரின் பேக்ஹேண்ட் பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். எதிர்த்திசையில் வீசும் ரிவர்ஸ் பெண்டுலத்தில் ஃபோர்ஹேண்ட் பக்கம் வரும். எனவே முதலாவதற்குப் பிறகு இடப்பக்கம் சுற்றி நகர்ந்து ஃபோர்ஹேண்ட் அடியைப் பழகுங்கள். இரண்டாவதற்குப் பிறகு வலப்பக்கம் ஒரு எட்டு. இந்த ஜோடிப் பழக்கம் உடலில் ஏறிவிட்டால் ஆட்டத்தில் யோசிக்கவே தேவையிருக்காது.

இங்கிருந்து ஷேடோ பயிற்சிக்கு வருகிறேன். பந்தில்லாமல் அடியை மட்டும் செய்து பார்ப்பது பலருக்கு வெட்கமாகவும் சலிப்பாகவும் இருக்கும். ஆனால் உச்சத்தில் இருப்பவர்களும் விடாமல் செய்கிற பயிற்சி இது. ஒரே இடத்தில் நின்று நூறு ஃபோர்ஹேண்ட் வீசுவதில் தோள் வலிக்குமே தவிரப் பெரிய பயன் இல்லை. கால்களுக்காகச் செய்யுங்கள். ஸ்வீடனில் உள்ள ஒரு ஊரின் பெயரால் ஃபால்கன்பெர்க் என்று அழைக்கப்படும் வரிசை மிகப் பொருத்தமானது: பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அங்கேயே சுற்றி நகர்ந்து ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு மேசையின் அந்தக் கோடிக்கு ஓடி இன்னொரு ஃபோர்ஹேண்ட், திரும்ப முதல் இடம். ஆட்டத்துக்குத் தேவையான முக்கிய நகர்வுகள் மூன்றும் இதற்குள் இருக்கின்றன. முதலில் பாதி வேகத்தில் செய்யுங்கள். கால் நின்ற பிறகு கை வீசுகிறதா, ஒவ்வொரு அடிக்கும் பிறகு பேட் மார்புக்கு முன்னால் திரும்பி வருகிறதா, முழங்கால் மடிந்தே இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிடம் செய்து, அரை நிமிடம் ஓய்வு. களைத்த பிறகு செய்யும் ஷேடோ, களைத்த அசைவையே கற்றுத் தரும். எடை கூட்டிய பேட்டை வைத்துச் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அசைவின் தாளம் மாறிவிடுகிறது, முழங்கைக்கும் நல்லதல்ல.

சுவரையும் மடித்த மேசையையும் பற்றி. மேசையின் எதிர்ப் பாதியை நிமிர்த்தி நிறுத்தி ஆடினால் பந்து விறுவிறுவென்று திரும்பி வருகிறது, சத்தம் தாளமாக இருக்கிறது, வியர்க்கிறது. நல்ல பயிற்சி செய்த திருப்தியும் வருகிறது. ஆனால் அங்கே நடப்பதைக் கவனியுங்கள். பந்து போக வேண்டிய தூரம் பாதியாகிவிடுகிறது, எனவே உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. நல்ல டாப் ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) ஏற்றி அடித்தால் பந்து பலகையில் பட்டதும் மேல்நோக்கி ஏறிவிடுகிறது, தாளம் கெடுகிறது. தாளத்தைக் காப்பாற்ற உங்கள் கை தன்னை அறியாமலேயே சுழற்சியைக் குறைத்துத் தட்டையாகத் தட்ட ஆரம்பிக்கும். திரும்பி வரும் பந்திலும் மனிதர் அடித்த டாப் ஸ்பின்னைப் போன்ற உதை இருக்காது. ஆக, லூப் பழகுவதற்கு இது இடமே அல்ல. பேக்ஹேண்ட் பிளாக் (வீசாமல் பேட்டை வைத்துத் தடுப்பது), குட்டையான பேக்ஹேண்ட் டிரைவ், பேட்டைச் சட்டென்று முன்னிலைக்குக் கொண்டு வருவது ஆகியவற்றுக்கு நல்லது. பத்து நிமிடம் போதும். ஒரு அடி ஃபோர்ஹேண்ட், ஒரு அடி பேக்ஹேண்ட் என்று மாற்றி மாற்றி ஆடினால் இன்னும் பயன்.

மேசையே இல்லாமல் சுவர் மட்டும் இருந்தால், 91 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். மேசையின் உயரம் 76, வலை 15.25, இரண்டும் சேர்ந்த மட்டம் அது. பந்து அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே படும்படி, தரையில் விழவிடாமல் அடித்துக்கொண்டிருப்பது கைவேகத்துக்கும் பேட்டின் கோணத்துக்கும் உதவும். தரையில் எழும்பும் பந்தை அடித்துப் பழகுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பந்தைத் தொடும் உயரமும் நேரமும் மேசை ஆட்டத்திலிருந்து விலகிப் போகின்றன.

லூப்பின் உரசலை மட்டும் தனியாகப் பழக ஒரு வழி உண்டு. பந்தை மேசை மேல் உங்களை நோக்கி மெதுவாக உருட்டிவிடுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டி விளிம்பிலிருந்து விழும்போது, முழங்காலை மடித்து, பேட்டைக் கீழிருந்து மேலாகக் கொண்டு வந்து பந்தின் பின்பக்கத்தை வருடி வலைக்கு மேலே அனுப்புங்கள். பந்துக்குச் சொந்த வேகம் இல்லாததால் தட்டி அனுப்பினால் வலையிலோ வெளியிலோ போகும். வருடினால்தான் வளைந்து மேசையில் இறங்கும். கையால் பந்தை மேசையில் விழவிட்டு, எழும்பும் உச்சத்தில் அடிப்பதும் சிலருக்குப் பிடிக்கும். உயரப் பந்தை ஸ்மாஷ் செய்யப் பழக அது சரி. மற்றபடி, வேகமே இல்லாத பந்துக்கு முழு வேகத்தையும் கையாலேயே கொடுத்துப் பழகினால், நிஜ எதிராளியின் வேகமான பந்துக்கு முன்னால் வீச்சு தேவைக்கு மேல் நீண்டுவிடும். அளவோடு செய்யுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டின் மேல் பந்தைத் தட்டிக்கொண்டே இருங்கள். நடுநடுவே பக்கவாட்டில் வருடிச் சுழற்றி மேலே விடுங்கள். சுழன்று இறங்கும் பந்து பேட்டில் பட்டதும் ஒரு பக்கமாகத் தாவும். அது எந்தப் பக்கம் தாவும் என்று முன்கூட்டியே கணித்து, பேட்டைச் சாய்த்து, துள்ளாமல் வாங்கப் பாருங்கள். எதிராளி போடும் சைட் ஸ்பின் சர்வீஸை எடுப்பதற்குத் தனிமையில் கிடைக்கும் மிக நெருங்கிய அனுபவம் இதுதான். ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும்.

இப்போது ரோபோ. வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி பந்தைச் சளைக்காமல் போட்டுக்கொண்டிருக்கும். பேக் ஸ்பின் பந்தைத் தூக்கி லூப் போடக் கற்பவருக்கு அதுபோல உதவி வேறில்லை. ஆனால் ரோபோவுக்குக் கையும் பேட்டும் கிடையாது. ஆட்டத்தில் நீங்கள் பந்தைப் படிக்கத் தொடங்குவது அது உங்களிடம் வந்த பிறகு அல்ல. எதிராளியின் தோள் திரும்பும்போதே, பேட் பந்தைத் தொடும்போதே படிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். இயந்திரத்தின் துளையிலிருந்து வரும் பந்தில் அப்படிப் படிக்க எதுவும் இல்லை. ரோபோவிடம் மட்டுமே பழகியவர்கள் அழகாக அடிப்பார்கள், ஆட்டத்தில் எப்போதும் அரைக் கணம் தாமதமாக நிற்பார்கள்.

வாங்கினால், வேகத்தைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள். நிமிடத்துக்கு முப்பது பந்தில் தொடங்குங்கள். அடித்துவிட்டுத் தயார் நிலைக்குத் திரும்பி, கால் நின்ற பிறகுதான் அடுத்த பந்து வர வேண்டும். அது எளிதானால் மட்டும் கூட்டுங்கள். ஒரே இடத்துக்கு வரும் பந்தில் அடியின் வடிவம் பிடிபட்டதும், இரண்டு இடங்களுக்கு மாறி மாறி, பிறகு எங்கே வரும் என்று தெரியாதபடி மாற்றி அமையுங்கள். இயந்திரம் தானாக மாற்றாவிட்டால், நீங்களே ஒவ்வொரு பந்தையும் வெவ்வேறு இலக்குக்கு அனுப்புங்கள். அது சர்வீஸ் போடும்படி அமைக்கக்கூடியது என்றால் அந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்; குட்டையான பந்துக்கு வலது காலை மேசைக்கு அடியில் வைத்து உள்ளே போய் எடுத்துவிட்டு உடனே வெளியே வருவது பலருக்கும் வராத நகர்வு.

அச்சில் கோத்த பந்து, வளையும் கம்பியின் நுனியில் பந்து என்று சிறு கருவிகள் பல விற்கிறார்கள். உரசும் அசைவு அறவே பிடிபடாத புதியவருக்கு முதல் சில வாரங்கள் உதவும். பந்து எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால் அதற்கு மேல் எதையும் தருவதில்லை. அந்தப் பணத்துக்கு இன்னொரு பெட்டி பந்தும் பந்து பொறுக்கும் வலையும் வாங்குவதே மேல்.

தனியாகப் பழகுபவருக்குப் பயிற்சியாளர் இடத்தில் நிற்கப் போவது கைப்பேசியின் கேமரா. மேசை உயரத்தில், உங்கள் பக்கவாட்டில் வைத்து, மெதுவியக்கத்தில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் பார்க்காமல், ஒரு தடவைக்கு ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். டாஸ் உண்மையிலேயே 16 செ.மீ. போகிறதா? பந்து மேசைக்கு மேல் எந்த உயரத்தில் படுகிறது? பேக் ஸ்பின்னுக்கும் சுழற்சியில்லாததற்கும் என் தோளிலோ முழங்கையிலோ வித்தியாசம் தெரிகிறதா? கடைசிக் கேள்விக்கு இன்னொரு கேமரா கோணம் வேண்டும்: எதிராளி நிற்கும் இடத்தில் கைப்பேசியை வைத்து எடுத்து, எந்தப் பந்து எது என்று நீங்களே ஊகிக்கப் பாருங்கள். உங்களாலேயே எளிதில் சொல்ல முடிந்தால் எதிராளியாலும் முடியும். ஷேடோ செய்யும்போது பின்னாலிருந்து எடுங்கள். கால்கள் நன்றாகத் தெரியும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோளையும் மணிக்கட்டையும் சுழற்றிச் சூடாக்கி, பேட்டில் பந்தைச் சுழற்றி விளையாடிவிட்டு, அரை மணி நேரம் சர்வீஸும் மூன்றாவது பந்து நகர்வும். மிச்சத்தில் ஒரு நாள் ஃபால்கன்பெர்க், ஒரு நாள் மடித்த மேசை, ஒரு நாள் விளிம்பிலிருந்து விழும் பந்தை லூப் போடுவது. வாரத்தில் ஏழு நாளும் வேண்டாம். சர்வீஸை மிகையாகப் பழகினால் மணிக்கட்டும் முழங்கையும் முதலில் முணுமுணுக்கும். வலி தெரிந்த அன்று பேட்டைத் தொடாமல் கால் பயிற்சி மட்டும் செய்யுங்கள்.

ஆள் கிடைக்கும் அந்த ஒரு நாளை, தனியாகச் செய்ய முடியாதவற்றுக்கே ஒதுக்குங்கள். வந்தவுடன் கணக்கு வைத்து ஆட உட்காராமல், முதல் இருபது நிமிடம் அவரைத் தொடர்ந்து சர்வீஸ் போடச் சொல்லி நீங்கள் எடுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு பந்தையும் எடுப்பதற்கு முன் என்ன சுழற்சி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியா தவறா என்று அவர் சொல்லட்டும். அடுத்த பத்து நிமிடம் நீங்கள் வாரம் முழுவதும் பழகிய ஜோடி சர்வீஸைப் போடுங்கள், அவர் எப்படி வேண்டுமானாலும் எடுக்கட்டும். பந்து எங்கே திரும்பி வருகிறது, எவ்வளவு உயரத்தில் வருகிறது, நீங்கள் காற்றில் பழகிய மூன்றாவது பந்து நிஜமாக அங்கே வருகிறதா என்று பாருங்கள். வராத சர்வீஸ் எதுவோ அதுதான் அடுத்த வாரத்துக்கான வேலை.